பார்க்காத படங்களின் கிளை அலுவலகம்

முந்நூறு சினிமாப் படங்களை நான் மூன்றே நாளில் பார்த்து முடித்திருக்கிறேன். நடுவில் குளித்தேன், சாப்பிட்டேன், மனைவியோடு சண்டையும் போட்டேன். மூன்றாம் நாள் மாலை ஓர் அரங்கமே திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. கம்பெனித் தலைவரே மேடையை விட்டு இறங்கி வந்து என் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார். உலகத்தில் வேறு எந்தப் பென்ஷன்காரனுக்கும் இப்படி நடந்ததில்லை. நடக்கவும் வேண்டாம்.

முந்நூறு என்பது மச்சினன் பக்கத்தில் இருக்கும்போது சொல்கிற கணக்கு. அவன் இல்லாவிட்டால் நானூறு.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். தெரு முழுக்க அவனுக்கு 'சந்தேகம்' என்றுதான் பெயர். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவான். நனைந்த கையை முகர்ந்தும் பார்ப்பான். எங்கள் குடும்பத்தில் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அவன் சொல்வதை யாரும் மறுப்பதில்லை. அந்த மூன்று நாளும் அவன் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். தெருவில் யார் கேட்டாலும், "அப்படி ஒண்ணும் நடக்கல" என்கிறான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற அன்றே என் மகள் வீட்டு டிவியில் ஒரு சினிமா ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அதற்குச் சந்தாவும் அவளே கட்டுகிறாள். மாலை ஆனதும் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஒவ்வொரு படமாகக் கதைச் சுருக்கம் படிப்பேன், நடிகர் பட்டியல் படிப்பேன், "ஆகா, இதை விடக்கூடாது" என்று இதயப் பொத்தானை அழுத்துவேன். படம் 'பிறகு பார்க்க' என்ற வரிசையின் வாலில் போய் நின்றுகொள்ளும். இப்படிப் பத்துப் பதினைந்து படங்களைத் தேர்ந்தெடுத்த களைப்பில் தூங்கிவிடுவேன்.

"செருப்புக் கடையில இருக்கற எல்லாச் செருப்பையும் மாட்டிப் பார்த்துட்டு வெறுங்காலோட திரும்பி வர்ற ஆளுங்க நீங்க" என்பாள் மனைவி.

மகளுக்குப் படங்களில் சத்தம் செய்கிற வேலை. திரையில் ஒருத்தி மணலில் நடந்தால், இவள் இருட்டறைக்குள் ஒரு தட்டு நிறைய உப்பைக் கொட்டி அதன்மேல் நடப்பாள். எலும்பு முறிய வேண்டுமென்றால் கேரட்டை ஒடிப்பாள். பல வருஷம் அடுத்தவர்களுக்கு உதவியாளாக ஒடித்துக்கொண்டிருந்தவளுக்கு, முதல் முறையாக முழுப் படமும் அவள் பொறுப்பில் கிடைத்தது. முதல் காட்சிக்கு அம்மாவை மட்டும்தான் அழைத்துப் போக முடிந்தது. எனக்கு அன்று முழங்கால் வலி. படம் நீளம் என்று கேள்விப்பட்டதும் வந்த வலி. பிறகு அது ஆப்பிலும் வந்தது. வந்த நிமிடமே இதயத்தை அழுத்தினேன். ஒரு தகப்பன் வேறென்ன செய்ய முடியும்?

அப்புறம்தான் அந்தப் போன்.

"பார்த்தீங்களாப்பா?"

"ம்… பிரமாதம்மா."

"நிஜமாவா?"

"அழுதுட்டேன்."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சத்தம் செய்பவள் சும்மா இருந்தால் எனக்குப் பயம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சினன் கையில் போனைத் திணித்தேன். அவன் என்னை முறைத்தான். ஆனால் அந்தப் பெண்ணிடம் 'பார்க்கலை' என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

"ஆமாம்மா… நானும் பார்த்தேன். நல்லா இருந்துச்சு" என்றான். சொல்லிவிட்டு, சூடு பட்டவன்போல் போனை என்னிடமே தள்ளினான்.

"அப்பா, அந்தப் படத்துல நீங்களும் இருக்கீங்க. கவனிச்சீங்களா?"

"ம்… கவனிக்காம இருப்பேனா?"

"எந்த இடம்னு ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து கேக்கறேன்."

வைத்துவிட்டாள். என்னை யாரும் படம் பிடித்ததில்லை. மனைவியைக் கேட்டேன். "பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

ஓடிப்போய் டிவியைப் போட்டேன். மகள் படத்தை அழுத்தினால், திரையில் வரிசையாக எழுத்துகள் வந்தன. 'அன்பான சந்தாதாரரே! இந்தப் படத்துக்கு முன்பே தாங்கள் விரும்பிய படங்கள் தங்களுக்காகக் காத்திருக்கின்றன. வரிசைப்படி பார்த்து வரவும். மேலும் விவரங்களுக்குக் கிளை அலுவலகத்தை அணுகவும்.'

மறுநாள் காலை மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்தாக வேண்டியவன்தானே!

கிளை அலுவலகம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே சொல்ல முடியாத இடத்தில் வியாதி வந்தவர்கள் டாக்டர் வீட்டில் காத்திருப்பார்களே, அப்படி ஓர் உட்காரல். எனக்கு முன்னால் இருந்த கல்லூரிப் பேராசிரியை குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். உலக சினிமா பற்றி மேடையில் பேசுகிறவராம். பேசிய படங்கள் எல்லாம் நிலுவையாம்.

கிளை மேலாளர் டை கட்டியிருந்தார். அவர் சிரிப்புக்கும் இஸ்திரி போட்டிருந்தது.

"இதயத்தை அழுத்தினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"நாங்க அழுத்தச் சொன்னோமா?"

மச்சினன் குறுக்கே பாய்ந்தான். "உங்களுக்குப் பிடிக்கலாம்னு போட்டுக் காட்டினது நீங்கதானே?"

"காட்டறது எங்க தொழில். பிடிக்கறது உங்க பொறுப்பு." மேலாளர் விரல்களைக் கோத்துக்கொண்டார். "பாருங்கய்யா, நாங்க படம் விக்கல. பார்க்கணும்ங்கற எண்ணத்தை விக்கறோம். படம் பார்த்தா முடிஞ்சுபோயிடும். எண்ணம் முடியாது. அதனாலதான் மாசாமாசம் சந்தா வருது."

"அப்ப நாங்க பார்க்காம இருக்கறது உங்களுக்கு லாபம்தானே? எதுக்கு இப்படிக் கூப்பிட்டு வெச்சிருக்கீங்க?"

"தலைமையகத்துல கணக்கெடுத்தாங்க. விரும்பப்பட்ட படங்கள் கோடிக்கணக்குல இருக்கு. பார்க்கப்பட்ட படங்கள்…" அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதை விடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் வர்றார். அதுக்குள்ள இந்தக் கிளையில நிலுவை பூஜ்யமாகணும்."

"என் பொண்ணு படம் ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். அதை மட்டும் முதல்ல…"

"ஐயா எங்க வேலை பார்த்தீங்க?"

"வண்டி லைசென்ஸ் ஆபீஸ்ல."

"அப்ப வரிசைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அது நான் முப்பது வருஷம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்ன வாக்கியம். அதே ராகம்.

உள்ளே அரங்கம். வாசலில் இமை ஆய்வாளர் என்ற அம்மா ஒருவர், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் சின்ன ஸ்கேலும் வைத்துக்கொண்டு நின்றார். இமை பாதிக்குக் கீழே இறங்கினால் படம் பாதிதான் கணக்கில் சேரும். கொட்டாவி விட்டால் அது வாய்வழி ஆட்சேபம். படம் முதலிலிருந்து போடப்படும்.

என் வரிசையின் முதல் படம் பாசியைப் பற்றியது. பாறையில் பாசி வளர்கிறது. அவ்வளவுதான். ஆப் வந்த புதிதில், நான் இன்னாரென்று நானே முடிவு செய்துகொண்டிருந்த நாளில் அழுத்தியது. அடுத்தது, நிலக்கரிச் சுரங்கத்தில் வசனமே இல்லாத ஒரு குடும்பம். அடுத்தது, ஒரு தத்துவ ஞானி படுத்திருக்கிறார். வரிசையைப் பார்த்தால் நான் மகா அறிவாளி. உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அந்த அறிவாளிக்கும் எனக்கும் முன்பின் பழக்கமில்லை என்று தெரிந்தது.

நடுவில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. இமை ஆய்வாளர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

"சிரிப்புப் படத்துக்கு அழுதிருக்கீங்க. திரும்பப் போடணும்."

"அது கொட்டாவியை அடக்கினதுல வந்த தண்ணி மேடம்" என்றான் மச்சினன்.

"எங்கிருந்து வந்துதுன்னு எங்களுக்குத் தேவையில்லை. ஈரம் இருக்கா, இல்லையா?"

இரண்டாம் நாள் மேலாளருக்கு வியர்த்தது. வேகத்தை இரட்டிப்பாக்கினார்கள். காதலர்கள் அணில்கள்போல் பேசிக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் நான்கு திரைகளை இறக்கி, இடது கண்ணுக்கு இரண்டு, வலது கண்ணுக்கு இரண்டு என்று பிரித்தார்கள். ஒரு திரையில் ஒருவன் மண்டியிட்டு, "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று கேட்டான். பக்கத்துத் திரையில் ஒருத்தி, "முதலில் பிணத்தை எங்கே புதைத்தாய், சொல்" என்றாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் மட்டும் போட்டார்கள். மதியம் அதுவும் இல்லை. மேலாளரே மேடையில் ஏறி நின்று போஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தோம்!" என்றது அரங்கம்.

"அடுத்தது!"

பேராசிரியை குடையைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

என் வரிசையில் மகள் படம் மட்டும் மிச்சம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேலாளர் போஸ்டரைத் தூக்கவில்லை. கைகளைத் தட்டித் தூசியை உதறினார்.

"முடிஞ்சுது. உங்க நிலுவை பூஜ்யம்."

"என் பொண்ணு படம் சார்! போஸ்டர்கூடக் காட்டலியே?"

"மூத்த குடிமக்களுக்கு ஒரு படம் சலுகை."

"எனக்குச் சலுகை வேணாம் சார். நான் அதைப் பார்க்கணும்."

"பார்த்தாச்சே ஐயா. பார்த்த படத்தை எதுக்குப் பார்க்கணும்ங்கறீங்க? முந்தாநாள் உங்களுக்கு நிலுவை இருந்துச்சு, அதனால பார்க்க முடியல. இன்னிக்கு நிலுவையே இல்ல, அதனால பார்க்க முடியாது. இதுல என்ன குழப்பம்?" என்று சொல்லிக்கொண்டே என் முன் ஒரு சான்றிதழை நீட்டினார். மகள் படத்தின் பெயரும் என் பெயரும் போட்டு, கீழே 'முழுமையாகப் பார்த்து ரசித்தார்' என்று அச்சடித்திருந்தது. "இதைக் கொண்டுபோய்ப் பொண்ணுகிட்ட காட்டுங்க. சட்டம் போட்டு மாட்டற மாதிரி தடிமனான காகிதம்."

என் கை நீண்டது. வெட்கமே இல்லாமல் நீண்டது. அதைத் தட்டிவிட்டது மச்சினன்தான்.

"இவர் பார்க்கல. எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றான் உரக்க.

மச்சினன் சுவரைக் காட்டினான். மூன்று நாளும் படம் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, அவன் அங்கே ஒட்டியிருந்த விதிகளைத்தான் படித்துக்கொண்டிருந்தான். 'பார்வை குறித்து எவரேனும் ஐயம் எழுப்பினால், படம் அனைவர் முன்னிலையிலும் முழுமையாகத் திரையிடப்படும்.' அந்த விதியை இதுவரை யாரும் தொட்டதில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், யார் சந்தேகப்படுவார்கள்?

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தலைவர் படியேறி வந்துட்டிருக்கார்" என்றார் மேலாளர். அவர் சிரிப்பின் இஸ்திரி கலைந்துவிட்டது.

"வரட்டும். அவரும் உக்காந்து பார்க்கட்டும்."

தலைவரும் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. ஒரே திரை, சாதாரண வேகம்.

ஓர் அம்மாள். என் மனைவி வயது இருக்கும். தண்ணீர் என்றாலே பயம். யாருக்கும் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறாள். ஊருக்கு வெளியே ஓர் ஏரி. அதை ஒரு நாள் குறுக்கே நீந்திக் கடக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அடுத்த அறையில் இருக்கும் கணவனிடம் அன்றைய கதையைச் சொல்கிறாள். கணவனைக் காட்டவே இல்லை. திறந்த கதவும், அதற்குள் டிவி வெளிச்சமும் மட்டும்.

"இன்னிக்கு மூக்குல தண்ணி ஏறிடுச்சுங்க. செத்துட்டேன்னே நினைச்சேன்" என்கிறாள்.

கதவுக்குள்ளிருந்து குரல் வருகிறது. "ம்…"

"ஆனா மிதந்துட்டேன்."

"ம்… பிரமாதம்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். "யாருய்யா இந்த எருமை?" என்றார் பின்வரிசையில் ஒருவர். மச்சினன் என் காதருகே சாய்ந்தான்.

"அத்தான், இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல?"

எனக்குப் படத்தில் கவனம். அவன் சொன்னது முழுசாகக் காதில் விழவில்லை. "ம்… பிரமாதம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. முன்வரிசை திரும்பியது. பிறகு அதற்கு முன்வரிசை. பேராசிரியை குடையால் என்னைச் சுட்டிக் காட்டினார். இமை ஆய்வாளரின் டார்ச் நேராக என் முகத்தில் வந்து விழுந்தது. ஓர் அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது என்று தொடக்கத்தில் பெருமையாகச் சொன்னேனே, அது இதுதான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நேராக மெத்தைக் கடைக்குள் விழுந்திருப்பேன், அடிகூடப் பட்டிருக்காது. அந்தக் கொடுப்பினையும் இல்லை.

படம் முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! பல வருடங்களாக நம் கம்பெனி யாரைத் தேடிக்கொண்டிருந்ததோ, அவரை இன்று நேரில் கண்டேன். எதைக் காட்டினாலும் 'ம்' என்கிறார். எதற்கும் 'பிரமாதம்' என்கிறார். ஆனால் தலையைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை! பார்க்கிறவனுக்குப் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. பார்க்காதவனுக்கு எல்லாமே பிடிக்கும். இவரைப்போல் வீட்டுக்கு ஒருவர் இருந்தால், நாம் படம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை!"

பலத்த கைதட்டல். கோப்பையில் 'லட்சியச் சந்தாதாரர்' என்று பொறித்திருந்தது.

"சார், அந்தப் படத்துக்குச் சத்தம் செஞ்சது என் பொண்ணு…" என்று ஆரம்பித்தேன்.

"ம்… பிரமாதம்" என்றார் தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

கோப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டேன். தெருமுனை வரை மச்சினன் என்னோடு நடந்தான். பிறகு நின்றான்.

"அத்தான், நான் இங்க வரவே இல்ல. ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. குழந்தைகிட்ட முன்னாடியே பார்த்தேன்னு சொல்லித் தொலைச்சிருக்கேன். இத்தனை வயசுக்கு அப்புறம் நான் பொய்யன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்கப்பா. எந்த இடம்?"

"அடுத்த அறைல" என்றேன்.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "சொல்லிட்டியாம்மா?"

"நான் வாயே திறக்கலடி."

"அம்மா சொல்லலம்மா. அன்னிக்குப் போன்ல நான் சொன்னதெல்லாம் பொய். நேத்துதான் பார்த்தேன்" என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு எப்போது நின்றது? மெத்தைக் கடை, டார்ச், தலைவர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வெட்கம் ஏற ஏறக் கதையும் ஏறியது. நான்கு திரை நாற்பது ஆனது. ஏரி கடலாகி அலை அடித்தது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"போதும்ப்பா." குரலை உயர்த்தவில்லை. "பார்க்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கவே மாட்டேன். அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு மேல இப்படி ஒரு கதை எதுக்குப்பா? அந்த 'ம்' எப்ப ரெக்கார்டு பண்ணினேன் தெரியுமா? முழுப் படமும் எனக்கே குடுத்துட்டாங்கன்னு உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன். ஸ்டூடியோல மைக் ஓடிட்டிருந்துச்சு. அதுக்கு நீங்க சொன்ன 'ம்… பிரமாதம்'தான் அது."

வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் உண்மை என் கையில் இருந்தது. அதை நம்ப ஓர் ஆள்கூட இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மச்சினன் டீக்குள் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அது ஊறி, பாதி உடைந்து உள்ளே விழுந்தது.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்களாவது சொல்லுங்க மாமா. நீங்க பார்த்தவர்தானே? அதுல கடல் எங்க இருக்கு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் பார்த்தவன் இல்லம்மா. அன்னிக்கு உன்கிட்ட நானும் பொய்தான் சொன்னேன். நேத்துதான் பார்த்தேன், உங்கப்பா பக்கத்துல உக்காந்து."

"எங்க?"

"மெத்தைக் கடை மாடில." தலையை நிமிர்த்தாமலேயே பேசினான். "கடைசில அந்த அம்மா ஈரத்தோட வீட்டுக்கு வந்து, கரையைத் தொட்டுட்டேங்கன்னு சொல்றா இல்ல? உள்ளேருந்து 'ம்'னு குரல் வருது. உங்கப்பா எழுந்து நின்னுட்டாரு. திரையைப் பார்த்து, 'அப்புறம்? அப்புறம் என்னாச்சு, சொல்லு'ங்கறாரு. எல்லாரும் உக்காரு உக்காருன்னு கத்தினாங்க. படம் முடிஞ்சு விளக்கு போடற வரைக்கும் உக்காரவே இல்ல."

இதை உங்களிடமும் நான் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான விஷயமில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பை தோளிலிருந்து நழுவியது. மச்சினன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"திரை நாலுதாம்மா, நாப்பது இல்ல. அது ஏரிதான், கடல் இல்ல. மத்ததெல்லாம் நடந்துச்சு."